‘எனக்கும் இருந்தது’ என்று சொல்ல வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

வெளியே யாருக்கும் தெரியாத ஒரு கஷ்டத்தைத் தாண்டி வந்தவர்கள், அதே கஷ்டத்தில் இருக்கும் இன்னொருவருக்கு என்ன செய்ய முடியும் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஏழுக்கு எங்கள் மருத்துவ, மனநல ஆலோசனைக் குழு இங்கே பதில் சொல்கிறது. எழுதியவர்களின் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

ஈரோடு வாசகர்: எனக்கு வயது 34. பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. வேலை பார்க்கும் இடத்தில் யாருக்கும் தெரியாது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் விழுந்து துடித்தான். ஆளாளுக்குச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒதுங்கி நின்றுவிட்டேன். அடுத்த முறை என்ன செய்வது?

பதில்: யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவர் துணிந்து முன்னால் வந்து ‘நகருங்க, காத்து வரட்டும்’ என்று சொன்னால், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் போலிருக்கிறது என்றுதான் கூட்டம் நினைக்கும். கேட்டாலும் ‘முதலுதவி தெரியும்’ என்றால் போதும். அது பொய்யும் இல்லை.

ஒரு திருத்தம் மட்டும். உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு வலிப்பு வந்ததை நீங்கள் பார்த்ததே இல்லை. உடல் முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பில் அந்த நிமிடங்கள் நினைவில் பதிவதில்லை. உங்களுக்குத் தெரிந்தது கண் விழித்த பிறகு வரும் நேரம். எனவே முதல் பாதியை நீங்களும் மற்றவர்களைப் போலப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விழுந்தவுடன் மணியைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடம் போலத் தோன்றும், அதனால் செல்போன் கடிகாரத்தையே நம்புங்கள். பக்கத்தில் இருக்கும் கல், பெட்டி, பெஞ்சுக் கால் எதிலும் இடிபடாமல் நகர்த்துங்கள். தலைக்கு அடியில் துண்டையோ பையையோ மடித்து வையுங்கள். கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்காதீர்கள். பிடித்தால் வலிப்பு நிற்காது, தோள்பட்டைதான் நழுவும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. நாக்கு உள்ளே போய்விடும் என்பது நடக்காத காரியம். கரண்டி வைத்தால் பல் உடையும், விரல் வைத்தால் விரல் போகும். வெட்டு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நுரையும், நாக்கைக் கடித்த ரத்தமும் வெளியே வழியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது உள்ளே போகாமல் வெளியே வருவதுதான் நல்லது. குறட்டை போல மூச்சு வருவதும் வழக்கம்தான்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், தெளிவு வராமலேயே இரண்டாவது தடவை வந்தால், அடங்கிய பிறகும் மூச்சு சீராகாவிட்டால், கர்ப்பிணியாக இருந்தால், தண்ணீரில் விழுந்திருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், அல்லது வருவதே இதுதான் முதல் தடவை என்றால் 108.

சாவிக்கு வருவோம். பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். கூட்டத்தில் சாவிக்கொத்தைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. வலிப்பை நிறுத்தும் என்று இரும்புக்கு இவ்வளவு நல்ல பெயர் கிடைத்தது அப்படித்தான். அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கையில் சாவி இருப்பதால் கெடுதல் இல்லை, வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இனி உங்கள் பாதி. விழித்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. சுற்றிலும் முகங்கள். பேண்ட் நனைந்திருக்கலாம். யாராவது செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கலாம். கூட்டத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு இதெல்லாம் தோன்றாது, உங்களுக்குத் தோன்றும். அவன் விழிக்கும் முன்பே இடுப்புக்கு மேல் ஒரு துண்டைப் போடுங்கள். படம் எடுப்பவரைச் சத்தம் போடாமல் ‘அண்ணே, ஆட்டோ கிடைக்குமா பாருங்க’ என்று ஒரு வேலை சொல்லி அனுப்புங்கள். முகத்துக்கு நேராக, தணிந்த குரலில்: ‘தம்பி, இது ஈரோடு பஸ் ஸ்டாண்டு. ரெண்டு நிமிஷம் நினைவு இல்லாம இருந்தீங்க. இப்போ சரியாயிடுச்சு. உங்க பை இங்கேதான் இருக்கு.’ தெளிவு வரப் பத்து நிமிடம் முதல் அரை மணி வரை ஆகலாம். அதுவரை தண்ணீர், சோடா, காபி எதுவும் வேண்டாம். எழுந்து நடக்கப் பார்த்தால் இழுத்துப் பிடிக்காமல் கூடவே நடங்கள். அந்தக் குழப்பத்தில் பிடித்தால் அடிக்கக்கூட வரலாம். ‘உனக்கு வலிப்பு உண்டா?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். காது பக்கம் குனிந்து ‘மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?’ என்று கேளுங்கள். அவனுக்குப் புரியும்.

நீங்கள் மறைத்து வைத்திருப்பதைப் பற்றி எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் வலிப்பு, இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்கே தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல்தான் திருத்தம் செய்து அதை நீக்கினார்கள். சட்டப் புத்தகத்திலேயே அவ்வளவு காலம் இருந்தது மக்கள் மனதிலிருந்து போக இன்னும் நாளாகும்.

சென்னை வாசகி: எனக்கு வயது 26, முடக்குவாதம். பஸ்ஸில் உட்கார இடம் கேட்டால் முறைக்கிறார்கள். அது பழகிவிட்டது. என் கேள்வி வேறு. நான் உட்கார்ந்திருக்கும்போது என் வயதுப் பெண் ஒருத்தி வந்து இடம் கேட்டால், உண்மையிலேயே முடியாதவளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தெரிந்துகொள்ள வேண்டாம், எழுந்து கொடுத்துவிடுங்கள். பொய் சொல்லி இடம் வாங்கினாலும் உங்களுக்குப் போவது நாலு ஸ்டாப். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது, மேலே இருக்கும் கம்பியைப் பிடிக்க முடியாது என்பது உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறதா என்ன? உங்களாலும் நிற்க முடியாத நாளாக இருந்தால் ‘எனக்கும் முடியலம்மா, இரு கேக்கறேன்’ என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் அவளுக்காக நீங்கள் கேளுங்கள். தனக்காகக் கேட்கக் கூசுகிறவர்கள் பிறருக்காக நன்றாகவே கேட்பார்கள். லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016இல் இப்படிப்பட்டவர்களுக்காகச் சூரியகாந்திப் படம் போட்ட கழுத்துப் பட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். பார்த்ததும் ஊழியர்கள் காரணம் கேட்காமல் உதவுவார்கள். நம் டவுன் பஸ்ஸுக்கு அது வரும்வரை வாய்தான் பட்டை.

திருநெல்வேலி வாசகி: எனக்கு 58 வயது. மருமகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம். காரணமே இல்லாமல் அழுகிறாள். நானும் முதல் பிள்ளை பெற்றபோது கொல்லைப்புறத்தில் போய் அழுதவள்தான், இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்படியிருந்தும் அவளைப் பார்த்தால் இரக்கத்துக்குப் பதில் ‘நாங்க பெறலையா’ என்று எரிச்சல்தான் வருகிறது. நான் கெட்டவளா?

பதில்: வந்த கடிதங்களில் மிக நேர்மையானது உங்களுடையது. கஷ்டப்பட்டவர்களுக்கு இளகிய மனம் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அப்படி வருவதில்லை.

அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மிச்சிகன் ஏரியின் உறைநீரில் குதிக்கும் விழாவுக்கு வந்தவர்களிடம், குதிக்கப் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் பயந்து விலகிய ஒருவரின் கதையைப் படிக்கச் சொன்னார்கள். இன்னும் குதிக்காமல் காத்திருந்தவர்கள் அவருக்காக இரங்கினார்கள். குதித்துக் கரையேறியவர்களுக்கு அந்த இரக்கம் குறைவாக இருந்தது. வேலையில்லாமல் திண்டாடியதையும் பள்ளியில் சீண்டலுக்கு ஆளானதையும் வைத்துச் செய்த சோதனைகளிலும் இதே போக்குதான். வலி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது மறந்துபோகிறது. தாண்டி வந்தோம் என்பது மட்டும் தங்கிவிடுகிறது. ‘என்னால் முடிந்ததே, இவளால் ஏன் முடியவில்லை’ என்று கணக்குப் போடுகிறது மனசு. உங்கள் எரிச்சலும் அந்த வகைதான், கெட்ட குணம் ஒன்றும் இல்லை.

ஒரு தாளை எடுத்து, உங்கள் முதல் பிள்ளைக்கு இருபது நாள் ஆனபோது ஒரு நாள் எப்படிப் போனது என்று எழுதிப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், கொல்லைக்கு எந்த நேரத்தில் போனீர்கள், யார் எதைச் சொன்னது குத்தியது. மூன்றாவது வரியிலேயே சிலருக்குப் பேனா நிற்கும். எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டாம்.

மருமகளுக்கு: பிரசவம் ஆகி முதல் இரண்டு வாரத்துக்குள் வந்துபோகும் அழுகை பலருக்கும் உண்டு, தானே அடங்கும். மூன்றாவது வாரத்திலும் நீடிப்பதால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதற்கென்றே பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் இருக்கிறது. நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும். இரவில் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் அவள் தூங்கும்படி குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் பசித்தால் பிழிந்து வைத்த பாலைப் பாலாடையில் புகட்டலாம். குழந்தை தூங்கியும் அவளுக்குத் தூக்கம் வராதது, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாமா என்ற பேச்சு, இல்லாத குரல் கேட்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டர், தனியாக விடக் கூடாது. 14416 என்ற அரசு மனநல உதவி (டெலிமானஸ்) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

‘நானும் கொல்லையில அழுதிருக்கேன்’ என்று அவளிடம் சொல்லலாமா என்றால், தாராளமாக. இந்தப் பக்கத்தில் நாங்கள் தயங்காமல் ‘சொல்லுங்கள்’ என்பது உங்களிடம் மட்டும்தான். மாமியார் வாயிலிருந்து அந்த ஒரு வரி வருவதற்கு வேறு மருந்து ஈடாகாது.

கரூர் வாசகி: என் ஓரகத்திக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. எனக்கும் அப்படி இரண்டு முறை ஆனது, என் கணவருக்கும் அம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். வீடு நிறைய ஆட்கள் வந்து ‘வயசு இருக்கு, அடுத்தது தங்கும்’ என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் உடம்பு. ஐந்தாம் மாதத்தில் கலைந்தாலும் பால் சுரக்கும். இரண்டு மூன்று நாளில் மார்பு கல்லாகிக் கட்டும். ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்க மாட்டார்கள், அல்லது சொன்னது அந்த நேரத்தில் காதில் ஏறியிருக்காது. குழந்தை இல்லாத வீட்டில் பால் வருவதை எந்தப் பெண்ணும் கூடத்தில் உட்கார்ந்து சொல்ல மாட்டாள். உங்களுக்கு இது தெரியும் என்பதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய உதவி. தனியாக இருக்கும்போது ‘மார்பு கட்டுதா?’ என்று கேளுங்கள். அளவான, பிடிப்பான உள்ளாடை போடட்டும். துணியால் இறுக்கிக் கட்டுவதை விடச் சொல்லுங்கள். நாளம் அடைத்துச் சீழ் வைக்கும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போடலாம். வலி தாங்காவிட்டால் கொஞ்சம் பிழிந்து விடலாம். முழுக்கப் பிழிந்தால் உடம்பு இன்னும் சுரக்கும். மல்லிகைப் பூவை மார்பில் கட்டும் நம் ஊர் வழக்கத்துக்கும் ஆதாரம் உண்டு: 1988இல் வெளியான ஓர் ஆய்வில் அதைப் பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள், இரண்டுமே சுரப்பைக் குறைத்தன. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மார்பில் ஒரு பக்கம் சிவந்து சூடாக இருந்தால், அல்லது ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தால், உடனே ஆஸ்பத்திரி. அவள் ரத்தம் நெகடிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள்.

வேலைக்குப் போகிறவளாக இருந்தால் இதையும் சொல்லுங்கள்: இருபத்தாறு வாரத்துக்குள் கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே இருக்கும் உரிமை இது. தெரியாமல் பத்தாம் நாளே வேலைக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது பேச்சு. உங்கள் கதையைச் சொல்வதானால் தனியாக இருக்கும்போது, இரண்டு வாக்கியத்துக்குள். ‘எனக்கும் ரெண்டு தடவை ஆச்சு. யாருக்கும் தெரியாது.’ அதோடு நிறுத்துங்கள். ‘அப்புறம்தான் பாப்பா பிறந்தா’ என்று முடிக்கத் தோன்றும், முடிக்காதீர்கள். உங்களுக்கு அது நம்பிக்கை. அவள் காதில் கூடத்தில் கேட்ட ‘அடுத்தது தங்கும்’ இன்னொரு முறை விழும். கூட்டுக் குடும்பத்தில் சொன்னது சுவர் தாண்டும் என்பதால் முதலில் உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவள் குழந்தைக்குப் பெயர் யோசித்து வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசலாம். இல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

டாக்டர் சொல்லியிருந்த பிரசவத் தேதியை உங்கள் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். நாலு மாதம் கழித்து அந்த நாள் வரும்போது வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். அன்றைக்குக் காரணம் சொல்லாமல் அவளோடு கோயிலுக்கோ கடைக்கோ போய்வாருங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது வளைகாப்பு வந்தால் அவளிடமிருந்து மறைக்காமல், முன்கூட்டியே நேரில் சொல்லி, ‘வரணும்னு இல்ல’ என்றும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் ‘என் கண்ணு படும்னு நினைச்சாங்க’ என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

மதுரை வாசகர்: 51 வயது. குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது இருக்கும் ஆபீசில் என் பழைய கதை யாருக்கும் தெரியாது. எனக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரு தம்பி காலையிலேயே பாக்கு மென்றுகொண்டு வருகிறான். பேனா பிடித்தால் கை நடுங்குகிறது, பதினோரு மணிக்கு வெளியே போய்வந்தால் நடுக்கம் இல்லை. எனக்குப் புரிகிறது. ‘இன்றைக்கே நிறுத்து, நான் நிறுத்தவில்லையா’ என்று சொல்லிவிடலாமா?

பதில்: ‘இன்றைக்கே நிறுத்து’ என்பதை மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்த காலை நடுக்கம், உடம்பு சாராயத்தை நம்பி ஓடுகிறது என்பதற்கு அடையாளம். அப்படிப்பட்டவர் வீட்டில் தானாகத் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை கூடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது. இதில் உயிரே போயிருக்கிறது. ‘அவரா நிறுத்தினாரு, மூணாம் நாளு பேய் புடிச்ச மாதிரி ஆயிட்டாரு’ என்று வீட்டார் சொல்வது இதைத்தான். டாக்டர் மேற்பார்வையில் நாலைந்து நாள் மருந்து கொடுத்து இறக்கினால் பயமில்லாமல் கடக்கலாம். தயமின் என்ற பி1 சத்தை ஊசியாகப் போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது மூளைக்குக் கேடு.

நீங்கள் மேலதிகாரி என்பது இன்னொரு சிக்கல். நீங்கள் வாயைத் திறந்தாலே வேலை போகப்போகிறது என்று நினைப்பான். உங்கள் மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசாதீர்கள். ஆபீசுக்கு வெளியே, அவன் போதையில் இல்லாத நேரத்தில், பத்து நிமிடம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: ‘காலையில கை நடுங்குது, பதினோரு மணிக்கு நிக்குது. எனக்கும் அப்படி இருந்துச்சு. ஒன்பது வருஷம் ஆச்சு.’ பிறகு அவன் பேசட்டும். ‘நான் எல்லாம் குடிக்கிறதே இல்ல சார்’ என்றால் வாதாட வேண்டாம், டாக்டர் நம்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள். கடன் கொடுக்காதீர்கள். அவனுக்காக லீவு எழுதாதீர்கள்.

வீட்டார் உங்களிடம் வந்து ‘தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுக்கிற மருந்து இருக்காமே’ என்று கேட்பார்கள். இப்படி விற்கும் பொடிகளில் டைசல்ஃபிரம் இருந்தால், அதைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அவன் குடிக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து நெஞ்சு படபடத்து உயிருக்கே ஆபத்தாகும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கொடுத்தால்தான் அது மருந்து.

ஒருவர் தன் பழைய குடியைச் சொல்லி இன்னொருவரைத் தூக்கிவிடும் முறைக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கெட்டுப்போய் ஓட்டலில் நின்ற பில் வில்சனை மதுக்கூடம் இழுத்தது. குடித்துவிடாமல் இருக்க, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேவாலயங்களுக்குப் போன் போட்டார். கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். பதினைந்து நிமிடம் என்று ஒப்புக்கொண்டவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அங்கே பிறந்தது. பில் போனை எடுத்தது பாப்பைக் காப்பாற்ற அல்ல, தன்னைக் காத்துக்கொள்ள. அவர்களுடைய கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். தம்பியை ‘போய்வா’ என்று அனுப்புவதைவிட முதல் கூட்டத்துக்குக் கூட உட்காரப் போங்கள். அரசு உதவி எண் 14446.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிக்கிறவரோடு சேர்த்து வீட்டாருக்கும் தனியாக ஆலோசனை கொடுக்கிறது. அந்த வீட்டுக்குள் இருந்தவருக்குத்தான் அது தோன்றும்.

உங்களைப் பற்றி ஒன்று. அவனோடு பேசிய இரவு உங்களுக்குத் தூக்கம் கெட்டால், பழைய கடை வழியாக வண்டி தானாகப் போனால், இந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: அக்கா புற்றுநோயில் இறந்து இரண்டு வருடம். பதினான்கு மாதம் நான்தான் கூட இருந்தேன். வேலையும் போனது, கடனும் ஆனது, யாரிடமும் சொல்லவில்லை. அவள் பெயரில் அறக்கட்டளை தொடங்க ஆசை.

பதில்: முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல்தான் திறந்தது; இடையில் ஓடியவை பல ஆண்டுகள். அவசரம் வேண்டாம். முதலில் கடனை அடையுங்கள்.

இப்போதே செய்யக்கூடியது, உங்களுக்குத் தெரிந்த அந்தப் பதினான்கு மாதத்தை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பது. ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று சொன்னவர்கள் யாரையும் நீங்கள் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். எனவே ‘வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நான் உட்கார்ந்துக்கறேன், நீங்க தூங்குங்க’ என்று நேரம் போட்டுச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி ஃபைலை அடுக்கிக் கொடுங்கள்: மேலே பயாப்சி ரிப்போர்ட், அடுத்து கடைசி ரத்தப் பரிசோதனை, பிறகு ஸ்கேன், கீமோ அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, எல்லாவற்றுக்கும் மூன்று நகல். கீமோ அறையில் ஏசி குளிரும், போர்வையும் காலுறையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். சாப்பாடு இரும்பு வாடை அடிக்கிறது என்று ஒதுக்கினால் எவர்சில்வர் கரண்டியை மாற்றி மரக்கரண்டி வையுங்கள். கீமோ போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணு இறங்கியிருக்கும்; அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி. அந்த வாரம் உங்களுக்குச் சளி இருந்தால் நீங்களும் போகக் கூடாது.

விழுப்புரம் ஆசிரியர்: சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து எனக்கு இடது காது கேட்காமல் போனது. பள்ளியில் யாருக்கும் தெரியாது. என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் என்னைப் போலவே செய்கிறான்: கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்புகிறான், டிக்டேஷனில் வார்த்தை விடுகிறான். ‘கவனமில்லாதவன்’ என்று பெயர் வாங்கிவிட்டான்.

பதில்: கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்புவது, ஒரு காது கேட்கவில்லை என்பதற்குத் தெளிவான அடையாளம். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல இரண்டு காதும் வேண்டும். பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கும் சோதனையில் அவன் தேறிவிடுவான், நல்ல காது கேட்டுவிடும், அதை நம்பாதீர்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுக்கச் செய்யுங்கள். குரும்பியோ, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியதோ காரணமாக இருந்தால் சரியாகிவிடும். பெற்றோர் எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் தடுங்கள். பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். ‘நேத்துதான் திடீர்னு கேக்கல’ என்றால் அது அவசரம். மூன்று நாளைத் தாண்ட விடக் கூடாது.

அதுவரை இருக்கை. அவனுக்கும் இடது காது என்றால், கரும்பலகையைப் பார்த்து உட்காரும்போது வகுப்பின் இடது ஓரத்தில், இரண்டாம் வரிசை. வலது காது வகுப்பின் பக்கம் இருக்கும். முன்னால் ஒரு வரிசை இருப்பதால் மற்றவர்களைப் பார்த்தும் தெரிந்துகொள்வான். சத்தம் போடும் மின்விசிறிக்கு அடியிலும் சாலைப் பக்க ஜன்னலருகிலும் வேண்டாம். பலகையில் எழுதிக்கொண்டே பேசாதீர்கள். கேட்கவில்லை என்றால் அதையே கத்தாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். அவனை மட்டும் இடம் மாற்றினால் காரணம் கேட்பார்கள். மாதம் பிறந்தால் வகுப்பு முழுவதையும் இடம் மாற்றி, அவனுக்கு மட்டும் அந்த ஓரம் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் காதைப் பற்றி அவனிடம் சொல்வது உங்கள் விருப்பம். வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் அவன் பெயருக்கு நேராகப் பென்சிலில் ‘இடது ஓரம், 2ஆம் வரிசை’ என்று மட்டும் எழுதி வையுங்கள். நீங்கள் லீவு போடும் நாளில் வருகிறவர் அவனைக் கலைத்துவிடாமல் இருப்பார்.